அம்பு தானாக அசைந்த நாள்

அன்று நாவற்குடாவில் எங்கள் அரிசி மில்லின் அலுவலகத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். முன் அறையில் தராசுக்குப் பக்கத்தில் முதலாளி. உள் அறையில், தேத்தண்ணி ஊற்றி, கூட்டித் துடைக்கிற நான். மூன்றாவதாக இருக்கவேண்டிய கணக்கு மிஸ், இரண்டு மாதக் குழந்தையோடு தன்னாமுனையில் தன் வீட்டில் இருந்தார்.

வீட்டிலிருந்தே அலுவலகக் கம்ப்யூட்டரைத் திறந்து வேலை செய்யலாம் என்று மிஸ் சொன்னதை முதலாளி நம்பவில்லை. ஒரு நாள் மட்டும் தந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குள் நெல் கொள்முதல் பட்டியல் அச்சாகி அவர் கைக்கு வரவேண்டும். வராவிட்டால் மிஸ்ஸின் கதிரைக்கு வேறு ஆள். மிஸ் இதை என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சோறு இறங்காமல் திரிந்தது நான்தான்.

பயம் எனக்குக் கூடப் பிறந்தது. ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அந்தக் கம்ப்யூட்டரின் தூசியைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் துடைப்பேன். போதாததற்கு, "இப்ப கள்ளன் ஓட்டைப் பிரிச்சிட்டு வாறல்ல, நெட்டுக்குள்ளால வாறான்" என்று முதலாளி அடிக்கடி சொல்வார்.

ஒன்பது மணிக்கு மிஸ் போனில் கூப்பிட்டார். சொன்ன இடத்தில் அமத்தினேன். திரையில் வந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். "சரியக்கா, வைங்க. இனி நான் பார்க்கிறன்" என்றார். அங்கிருந்து எங்கள் திரையைப் பார்ப்பார் என்றுதான் விளங்கிக்கொண்டேன். கை வைப்பார் என்று யாரும் சொல்லவில்லை. சற்று நேரத்தில், மவுஸை ஒருவரும் தொடாமலே, திரையில் இருந்த அம்பு ஊர்ந்தது. ஊர்ந்து போய் எதையோ திறந்தது. பாய்ந்து நெட் வயரைப் பிடுங்கினேன்.

உடனே போன். "அக்கா, கட்டாயிட்டு. அங்க என்ன நடந்த?"

"ஒண்டுமில்ல மிஸ்."

பால் கொடுக்கிற தாயை ஏன் பயப்படுத்தவேண்டும் என்று மறைத்துவிட்டு, வயரைத் திரும்பச் செருகினேன். மறுபடி இலக்கம், மறுபடி அம்பு, மறுபடி பிடுங்கினேன். மிஸ் தன் வீட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டார், பாஸ்வேர்டை மாற்றினார், குழந்தையும் லேப்டொப்புமாக வாசலுக்குப் போய் சிக்னல் தேடினார். மூன்றாம் தரமும் அறுந்தது. பதினொன்றரை ஆகியிருந்தது. முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தார். "என்ன கா, உங்கட மிஸ்ஸிட வித்தை எடுபடல்லயோ?"

நாலாம் தரம் மிஸ் போனை வைக்கவில்லை. "அக்கா, நான் வேலையைத் தொடங்கிற நேரம் பார்த்துத்தான் அறுகுது. உண்மையைச் சொல்லுங்க, நீங்க என்ன செய்யிறீங்க?"

அழுகை வந்துவிட்டது. "அது தன்ட பாட்டில ஓடுது மிஸ். கள்ளன் உள்ளுக்கு வந்திட்டான். நான் மூண்டு தரம் வயரைக் கழட்டித் துரத்திட்டன்."

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பில் குழந்தை எழும்பி வீரிட்டது. "அக்கோவ், அந்தக் கள்ளன் நான்தான்!"

இப்போது நேர்சரிக்குப் போகிற அந்தப் பிள்ளை என்னைக் கண்டால் 'கள்ளன் புடிச்ச பெரியம்மா' என்கிறது. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவல் காக்கப் போய், மிஸ்ஸின் வேலையை நானே பறிக்கப் பார்த்திருக்கிறேன்.

வயரைச் செருகி, இலக்கங்களை வாசித்தேன். அம்பு வந்தது. வெற்றுத் தாள் போல ஒன்றைத் திறந்தது. அதில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன: "அக்கா, கையை மடியில வைங்க." வைத்தேன். பிரிண்டர் தானாக இரைந்தபோது எழும்பப் பார்த்த என்னை நானே கதிரையில் பிடித்து இருத்தினேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்க, பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலாளி இரண்டு தரம் புரட்டினார். பிழை தேடினார், கிடைக்கவில்லை. "சரி, வீட்டில இரிந்தே செய்யட்டும்" என்றார்.

குழந்தையை ஆற்றுவதற்காக மிஸ் போனை வைத்துவிட்டிருந்தார். திரையில் அந்தத் தாள் இன்னும் திறந்தே கிடந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்துகளில் தேடித் தேடி, ஒற்றை விரலால், 'வேலை இரிக்கி' என்று இரண்டு சொல் அடித்தேன். என் வாழ்நாளில் கம்ப்யூட்டரில் அடித்த முதல் சொற்கள் அவை.

அம்பு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு திரை முழுக்க வட்டம் வட்டமாகச் சுற்றி ஓடத் தொடங்கியது. நான் தனியே இருந்து அதற்குக் கை தட்டினேன்.