கப்பல் பயணிகளுக்கு ஊர் காட்டிய மருதமுத்து அண்ணன்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கார் கொட்டகையில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மருதமுத்து அண்ணன் காய்ச்சலில் காலமாகிவிட்டார். "அப்படியா?" என்றேன். மிச்சக் காற்றையும் அடித்து முடித்தேன். இதை எழுதும் இந்நேரம் வரை எனக்கு அழுகை வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாளில், சீமையிலிருந்து வரும் உல்லாசப் பயணிகளைக் காரில் ஏற்றிக் கோலாலம்பூரைச் சுற்றிக் காட்டுவது எங்கள் வேலை. நாங்கள் வண்டி ஓட்டக் கற்றவர்கள். அவர் பேசவே பிறந்தவர். ஈயம் தோண்ட வந்த சீனர்கள், கோட்டைக்காக மோதிக்கொண்ட ராஜாக்கள் என்று உடைந்த ஆங்கிலத்தில் அவர் அளக்கும் சரித்திரத்தில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் வெயிலையே மறந்துவிடுவார்கள். "என்னண்ணே, போன வாரம் ராஜாவுக்கு அஞ்சு யானை, இன்னிக்குப் பத்தா?" என்று நான் கேட்டால், "யானைன்னா குட்டி போடாதா லா?" என்று மலாய்க்காரர் மாதிரி இழுப்பார்.

ஓரிடத்தில் மட்டும் அவர் அளந்ததில்லை. கிள்ளான் சாலையோரம், ரப்பர் மரங்களுக்கு நடுவே, கல்லும் பெயரும் இல்லாத மண்மேடுகள் உண்டு. தோட்டம் போடக் காட்டை வெட்டிக் காய்ச்சலில் மடிந்த நம் ஜனங்களுடையவை. அங்கே காரை நிறுத்தி, "இவர்களும் இந்த நாட்டின் சரித்திரம்தான்" என்று தொப்பியைக் கழற்றுவார். ஒருமுறை ஒரு சீமாட்டி, இதில் உன் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார். "என் அம்மா இருக்கிறாள். எந்த மேடு என்று தெரியாது" என்றார் அண்ணன். அந்தச் சீமாட்டி கப்பல் வரை அழுதுகொண்டே போனார்.

விஷயம் முதலாளி காதுக்கு எட்டியது. "லீவுக்கு வர்றவன்கிட்ட எழவுக் கதையாய்யா சொல்லுவே? இனிமே அங்க நிப்பாட்டுனா வேலை கிடையாது."

"அங்க நிக்காத வண்டிய நான் ஓட்டலீங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

பிறகு ரப்பர் ஷீட் ஏற்றும் லோரி, பாதிச் சம்பளம். அவர் மனைவி காமாட்சியக்கா வறுத்தெடுத்தார்: "செத்தவங்களுக்காக இருக்கிறவங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டாரே!" எனக்கும் அன்று கோபம்தான். கொஞ்சம் வளைந்து கொடுத்தால் குடியா முழுகிவிடும்?

நேற்று அடக்கம். பெண்கள் இடுகாட்டுக்கு வரும் வழக்கம் எங்களில் இல்லை. அக்கா வந்தார். யாரும் தடுக்கவில்லை. மண் தள்ளி முடிந்து எல்லோரும் கிளம்பியபோது, காதுத் தோட்டைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"தம்பி, இத வித்து ஒரு கல்லு வைங்க. பேரு பெருசா வெட்டச் சொல்லுங்க. என் புள்ளைங்க எந்த மேடுன்னு தேடக்கூடாது."

கல் வெட்டுபவரிடம் பெயரைச் சொல்லிவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அண்ணே, உங்களை யாரும் தேட வேண்டியிருக்காது. போய் வாருங்கள்.