ருசி பார்க்க முடியாமல் போன புஷ்பாக்கா

1. “கழட்டிடுங்க”

மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு பல் கிளினிக்கில் இருபத்திரண்டு வருடமாக டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறேன். வருகிறவர்களுக்கு நான் ‘மிஸ்ஸி’. புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது, நானே சறுக்கிய கதை.

புஷ்பாக்கா பக்கத்து ஊரான ஜெராமில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அவருடைய அசாம், அதாவது புளி போட்ட, மீன் குழம்புக்காகக் கிள்ளானிலிருந்து ஆள் வரும். முன்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. மகள் வேலைக்குப் போனதும் தனக்கென்று அவர் ஆசைப்பட்டுச் செய்துகொண்டது, பல்லை வரிசைப்படுத்தக் கம்பி கட்டும் பிரேசஸ்தான்.

போட்டு மூன்றாவது மாதம், ஒருநாள் காலை நான் கிளினிக் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்.

“மிஸ்ஸி, கழட்டிடுங்க. போதும்.”

“என்னக்கா ஆச்சு?”

“கூசுது. சூடு பட்டா கூசுது, புளி பட்டா உச்சி மண்டை வரைக்கும் இழுக்குது. குழம்ப வாயில வைக்க முடியல. எங்க வீட்டுக்காரர ருசி பாக்கச் சொன்னா, எத குடுத்தாலும் நல்லா இருக்குன்றாரு. நேத்து உப்பே போடாத குழம்பையும் நல்லா இருக்குன்னுட்டாரு லா.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பத்து நாளில் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாண விருந்து. முந்நூறு பேருக்கு அவர்தான் சமைக்க வேண்டும்.

எனக்குள் உறுத்தியது வேறு. அதற்கு முந்தின மாதமே இதை அவர் என்னிடம் சொல்லியிருந்தார். “கம்பி போட்டா அப்படித்தான் இருக்கும்க்கா, நாலு நாள்ல போயிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மாதாமாதம் கம்பியின் வயரை முறுக்கினால் சில நாள் பல் வலிக்கும், அது உண்மை. ஆனால் அவர் சொன்னது கூச்சம். நான் காதில் வாங்கியது வலி. டாக்டரிடமும் சொல்லவில்லை, அவருடைய சிகிச்சைக் கார்டிலும் எழுதவில்லை.

2. கைப்பையில் இருந்த பிரஷ்

எங்கள் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. நான் முதலில் என் தவற்றைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒவ்வொரு பல்லாகக் காற்றடித்துப் பார்த்தார். சொத்தை எதுவும் இல்லை. இரண்டு மூன்று பற்களில் ஈறு சற்றே இறங்கி, வேர்ப்பக்கம் தெரிந்தது. “எப்படிப் பல் தேய்க்கிறார் என்று கேள்” என்றார் மலாயில்.

“ஒரு நாளைக்கு எத்தன தடவ தேய்க்கிறீங்கக்கா?”

“ஏழெட்டு தடவ இருக்கும்.”

“ஏழெட்டா?”

“கடைக்காரி வாயில கம்பிக்குள்ள கீரை தொங்குனா யாரு சாப்பிட வருவா? ஒவ்வொரு சட்டியும் ருசி பாத்த கையோட தேய்ச்சிடுவேன்.”

கைப்பையிலிருந்து பிரஷை எடுத்துக் காட்டினார். விறைப்பான பிரஷ். டாக்டர் அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இதை வைத்து என் கார் டயரைக் கழுவலாம்” என்றார். மலாய் புரிந்த புஷ்பாக்கா படுத்த நிலையிலேயே குலுங்கிச் சிரித்தார்.

விஷயம் பிடிபட்டது. புளி பட்டதும் பல்லின் மேற்பரப்பு கொஞ்ச நேரம் இளகி இருக்கும். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்த்தால் பல் தேயும், ஈறும் இறங்கும். பிறகு சூடும் குளிரும் நேராக உள்ளே இறங்கும்.

டாக்டர் கூச்சத்தைக் குறைக்கும் ஃபுளோரைடு வார்னிஷைப் பற்களில் தடவினார். அந்த மாதம் வயரை முறுக்காமல் விட்டார். மாடல் பல்லை மடியில் வைத்துக்கொண்டு நான் சொல்லிக்கொடுத்தேன்.

“சாஃப்ட் பிரஷ். காலையில ஒண்ணு, படுக்கறதுக்கு முன்ன ஒண்ணு. நடுவுல வெறும் தண்ணியில கொப்புளிங்க, கம்பி இடுக்குல சின்ன பிரஷ் விட்டு மெதுவா எடுங்க. புளிப்பு சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்குத் தேய்க்கவே கூடாது. கூச்சத்துக்கு இந்த பேஸ்ட். தேய்ச்சிட்டு துப்புங்க, வாய் கழுவாதீங்க.”

“நாளைக்கே சரியாயிடுமா?”

“ஆகாதுக்கா. ரெண்டு வாரம் கூட ஆகும். அது வரைக்கும் குழம்ப கிண்ணத்துல ஊத்தி, வெதுவெதுன்னு ஆனப்புறம் நாக்குல மட்டும் வச்சு பாருங்க.”

“சரி. பத்து நாள் பாக்குறேன். இல்லன்னா கழட்டிடணும்.”

3. பத்து நாள்

தினமும் வாய்ஸ் மெசேஜ் வந்தது. மூன்றாம் நாள்: “அப்படியேதான் இருக்கு மிஸ்ஸி.” ஆறாம் நாள்: “காப்பி குடிச்சேன், கூசல. இல்ல, கொஞ்சமா கூசுச்சு.” எட்டாம் நாளிலிருந்து ஒன்றும் இல்லை. நானும் கேட்கப் பயந்து சும்மா இருந்தேன்.

பத்தாம் நாள் மதியம் போன் அடித்தது. பின்னால் மேளச் சத்தம், தட்டுச் சத்தம்.

“மிஸ்ஸி, ரெண்டாவது அண்டாவும் காலி. உப்பு, புளி எல்லாம் நானே பாத்தது. மாப்பிள்ளையோட அப்பா மூணு தடவ வாங்கிட்டாரு.”

“கூச்சம்?”

“இருக்கு லா, லேசா. அது கெடக்கட்டும். அடுத்த மாசம் எப்ப வயர் முறுக்க வரணும்?”

நான் ரிசப்ஷன் மேசையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த மாதம் அவர் வந்தபோது கூச்சம் அறவே இல்லை.

பிரேசஸைக் கழற்ற இரண்டு வருடம் ஆயிற்று. அன்று முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக் கண்ணாடியில் பல்லைப் பார்த்தார். பிறகு மகளுக்கு வீடியோ கால் போட்டு, போனைப் பல்லுக்கு நேராகப் பிடித்தார். மகள் அங்கே அலுவலகத்தில் கைதட்டியது எங்களுக்கும் கேட்டது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கூசுகிறது என்று ஒருவர் சொன்னால், எதைச் சாப்பிடும்போது, எப்போது, என்ன பிரஷ் என்று கேளுங்கள். கேட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள், கார்டில் எழுதுங்கள். கேட்க ஐந்து நிமிடம் ஆகும். நான் கேட்காமல் விட்டதால் ஒரு சமையல்காரிக்கு ஒரு மாத ருசி போனது.