கேட்டில் தொங்கிய போர்டு

பி.காம். பாஸ் பண்ணிய திமிர் எனக்கு அப்போது தலைக்கு மேல் இருந்தது. அப்பா இறந்ததும், கிழக்கேகோட்டையில் மலையாளிகள் நடுவே இருந்த எங்கள் வீட்டை விற்றுவிட்டு, நாகர்கோவிலில் சித்தி வீட்டுப் பக்கத்தில் சின்னதாக ஒன்று வாங்க அம்மா ஆசைப்பட்டாள். தரகர் அண்ணாச்சி வந்து நூற்றுக்கு இரண்டு கமிஷன் கேட்டார்.

"வெத்தலை மென்னுட்டு நாலு பேரைக் கூட்டிட்டு வர்றதுக்கா அண்ணாச்சி இவ்வளவு?" என்றேன்.

"அதுக்கில்ல மோனே. நீங்க விக்கத் துடிக்கது வெளிய தெரியாம இருக்கதுக்காக்கும்."

சிரித்தே துரத்தினேன். மறுநாள் 'வீடு உடனடி விற்பனைக்கு' என்று தமிழிலும் மலையாளத்திலும் பெரிதாக எழுதி கேட்டில் தொங்கவிட்டேன். அந்தத் தெருவில் யாரும் அப்படிச் செய்ததில்லை. இந்த வீட்டில் கடன் என்றார்கள், பேய் என்றார்கள். வந்த ஒரே ஆளும் அப்பாவின் அறையை எட்டிப் பார்த்து அம்மாவிடமே கேட்டார்: "சாரு மரிச்சது இந்த முறியிலயா? வேற ஆரும் வாங்க மாட்டாங்க, கேட்டோ. பாதி விலைன்னா நான் எடுக்கேன்."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் போர்டைக் கழற்றிவிட்டு அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"இனி கழட்டி என்னடே? ஊரு முழுக்க வாசிச்சாச்சுல்லா!" என்று வெற்றிலையைத் துப்பினார்.

பாதி விலைக்கே அந்த ஆளுக்குக் கொடுத்தோம். அந்தப் பணத்துக்கு நாகர்கோவிலில் வீடு கிடைக்கவில்லை. இப்போது அம்மாவும் நானும் அதே வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முன், "எடுத்துக்கட்டுமா?" என்று அம்மா புது வீட்டுக்காரரிடம் கேட்பாள். அவர் தலையாட்டும்வரை வாளியோடு நிற்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், அண்ணாச்சி ரொம்பக் குறைவாகத்தான் கேட்டார் என்று தோன்றும்.