பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

ஹவானாவில் விவாகரத்து சீக்கிரம் கிடைத்துவிடும், வீடுதான் கிடைக்காது. அதனால் பசிலியோவை விட்டுப் பிரிந்து ஆறு வருடம் ஆன பிறகும் மிக்தாலியா அவனோடு ஒரே வீட்டில்தான் இருந்தாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தெருப் பக்கம், பால்கனியோடு, பசிலியோ. உள்பக்கம் மிக்தாலியாவும் அவள் இரண்டாவதாகக் கட்டிக்கொண்ட அர்செனியோவும். சமையலறை பொது.

நான் அதே கட்டடத்தில் கீழ்த்தளம். இரண்டு தெரு தள்ளிக் கடல். சூறாவளி என்றால் என் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் என்பதால், டிவியைத் தூக்கிக்கொண்டு மேலே அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவேன்.

அர்செனியோ முடிவெட்டுகிறவன். கை மென்மை, பேச்சு மென்மை. ஒரே ஒரு கோளாறு. பசிலியோவின் செருப்பு குளியலறை வாசலில் கிடந்தால்கூட அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த அக்டோபரில், புயல் சாயங்காலம் கரையைக் கடக்கும் என்று ரேடியோ சொன்னது. கரண்டை நிறுத்திவிடுவார்கள் என்று ஃப்ரிட்ஜில் இருந்த பன்றி இறைச்சி முழுவதையும் மிக்தாலியா காலையிலேயே வாணலியில் போட்டுவிட்டாள். பசிலியோ பால்கனிக் கதவுக்குக் குறுக்கே கட்டை அடித்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான். சமையலை விட்டு வந்து அவள் ஆணியை அந்தக் கையில் வைத்தாள். எந்த அளவு ஆணி என்று அவன் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை.

அர்செனியோ பார்த்துக்கொண்டே நின்றான். "குடு, நான் அடிக்கிறேன்."

"உனக்கு இந்தக் கதவு சுபாவம் தெரியாதுப்பா," என்றான் பசிலியோ. "லேசா தூக்கிப் பிடிச்சாத்தான் சாத்திக்கும். மிக்திக்குத் தெரியும்."

மிக்தி! வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அர்செனியோவின் காது சிவந்ததைப் பார்த்தேன்.

சாப்பிடும்போது இன்னும் மோசம். மிக்தாலியா கறுப்பு பீன்ஸிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டுப் பசிலியோவின் தட்டில் ஊற்றினாள்.

"எனக்கு என்னென்ன பிடிக்காதுன்னு சொல்லு பாப்போம்," என்றான் அர்செனியோ.

"உனக்கு எதைப் போட்டாலும் சாப்பிடுவியே!"

"பாத்தீங்களா சோய்லாக்கா? நான் குப்பைத்தொட்டி. துரைக்கு மட்டும் பொறுக்கிப் போடுவா."

"தட்டைப் பார்த்துச் சாப்பிடுடா, சோறு ஆறுது," என்றேன். வேறென்ன சொல்வது?

மூன்று மணிக்கு வானம் சாம்பலும் மஞ்சளுமாக இருந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. இல்லாத வேலையை அர்செனியோ தேடிப் பிடித்தான். மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியைக் கட்டப் போவதாகக் கிளம்பினான்.

"காலையிலயே கட்டிட்டேன்," என்றான் பசிலியோ.

"நீ கட்டினதை நான் ஒரு தடவை பாக்கிறேன்."

போனவன் வரவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது. முதலில் விசில், பிறகு லாரி ஓடுவது போல ஒரு உறுமல். மிக்தாலியா படிக்கட்டுக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். திடீரென்று குறுக்குக் கட்டை முறிந்து, பால்கனிக் கதவு ஒரு பக்கமாக உள்ளே சாய்ந்தது. அவள் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துக்கொண்டு கத்தினாள்:

"பசிலியோ!"

அதே சமயம் அர்செனியோ சொட்டச் சொட்ட நனைந்து வாசலுக்கு வந்தான். அந்தப் பெயர் அவன் காதில் விழுந்தது. கதவை நோக்கி எடுத்த கால் அப்படியே நின்றது. சமையலறையிலிருந்து பசிலியோ ஓடினான். ஆண்டவனே, அர்செனியோ திரும்பிப் படி இறங்கிவிடுவானோ என்று பார்த்தேன்.

"நிக்கிறான் பாரு! வா, வந்து புடி!" என்று அவள் கத்தினாள். அர்செனியோ கதவுக்கு ஓடினான்.

மூன்று பேரும் முதுகைக் கதவில் கொடுத்து, காலை ஊன்றி, தோளோடு தோளாக நின்றார்கள். அவள் நடுவில். நான் ஓடி ஓடி மேசை, பீரோ என்று கிடைத்ததை எல்லாம் இழுத்து முட்டுக்கொடுத்தேன். ஒன்றரை மணி நேரம். அந்த நிலையிலும் அர்செனியோவால் வாயை மூட முடியவில்லை.

"ஏன் அவன் பேரைக் கூப்பிட்டே?"

"இப்பவா கேக்கிறே?"

"இப்பதான்."

"இருபத்திரண்டு வருஷம் அந்தப் பேரைக் கத்தியிருக்கேன். பாதி திட்டுறதுக்கு. நாக்குல ஒட்டிக்கிச்சு, நான் என்ன பண்ண?"

பசிலியோ சிரிக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "நீ மாடிக்குப் போன அரை மணியில என்கிட்ட நாலு தடவை கேட்டா, 'அவன் வந்துட்டானா, வந்துட்டானா'ன்னு. இவ என் பொண்டாட்டியா இருந்தப்ப, ஒரு புயல்ல நான் மாத்தான்சாஸ் ஊர்ல ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். திரும்பி வந்தப்ப, 'ரொட்டி வாங்கிட்டு வந்தியா'ன்னு கேட்டா."

காற்று இன்னொரு முறை மோதியது; மூன்று பேரும் காலை மாற்றி ஊன்றினார்கள்.

"ராத்திரியில நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறது பலகை வழியா அப்படியே கேக்கும்," என்றான் மறுபடியும். "உனக்குப் பொறாமையாம்! போடா!"

மிக்தாலியா இரண்டு பக்கமும் பார்க்காமல், நேரே என்னைப் பார்த்தாள். "சோய்லா, அந்தப் பீரோவை இன்னும் கொஞ்சம் தள்ளு," என்றாள்.

இருட்டுவதற்குள் காற்று அடங்கியது. கதவு நின்றது. என் வீட்டில் ஜன்னல் விளிம்பு வரை கடல். அர்செனியோதான் நான்கு நாள் என்னோடு சேற்றை வாரினான். குணம் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு பசிலியோவுக்கு முடி வெட்டிவிட ஆரம்பித்தான். கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் முரட்டுத்தனமாக இழுப்பான்.

அடுத்த வருடம் பசிலியோவுக்கு ஊர் ஓரத்தில், கொஹீமாரில், ஒரு விதவையின் வீட்டில் இடம் கிடைத்தது. கட்டிலும் இரண்டு பெட்டியும் கைவண்டியில் ஏறின. எல்லாவற்றையும் தூக்கி வைத்தது அர்செனியோதான், முகமெல்லாம் சிரிப்பு. வண்டியோடு தெருமுனை வரை போயும் வந்தான்.

திரும்பி வந்தவன் நேராக என் கதவைத் தட்டினான்.

"அக்கா, நீங்க படியிலதானே நின்னீங்க. அவ அழுதாளா?"

"இல்லையே," என்றேன்.

அழுதாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.