பாக்யராஜின் செயின்

பாக்யராஜின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பூரணாங்குப்பம் சார்லசுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். பாக்யராஜும் இவனைப் போல மெஷின் வைத்து மரம் அறுக்கிறவன்தான், கரியமாணிக்கத்துக்காரன். மெஷினில் சுற்றி ஓடுகிற பல் வைத்த செயின் மழுங்கினால், தீட்டித்தர அந்தப் பக்கம் கடையா இல்லை? பாகூரில்தான் இல்லையா? எல்லாவற்றையும் தாண்டி, பெட்ரோலை எரித்துக்கொண்டு இங்கே வருவான். வருவது சார்லசைப் பார்க்க அல்ல. சார்லசின் பெண்சாதி ஆரோக்கியசெல்வியிடம் செயினைத் தீட்டிக்கொள்ள.

சார்லசுக்குப் பலம் உண்டு, பொறுமை கிடையாது. அரத்தைப் பிடித்தால் நாலு பல்லிலேயே சலித்துவிடும். வலது பக்கப் பல்லெல்லாம் கூர், இடது பக்கம் ஏனோதானோ. அந்தச் செயினை மாட்டினால் மெஷின் மரத்துக்குள் கோணிக்கொண்டு போகும். பார்க்கச் சகிக்காமல்தான் செல்வி ஒருநாள் அரத்தைப் பிடுங்கினாள். கொஞ்ச காலத்தில் ஊரெல்லாம் அவள் கையைப் பற்றியே பேச்சு. சார்லஸ் என்ற பேர் போய், ‘செயின் செல்வி வூட்டுக்காரர்’ ஆனான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். பாக்யராஜைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளை அக்கா என்றான், இவனை மாமா என்றான். முறையெல்லாம் சரிதான். அவன் வந்தால் மட்டும் செல்வி சிரிக்கிறாளே, அது எந்த முறையில் சேர்த்தி?

இந்தத் தடவை அவன் கொண்டுவந்த செயின் சின்னாபின்னமாகிக் கிடந்தது.

“ஆணிங்கக்கா. பேயோட்டி அடிச்ச ஆணி. புளியமரம் உள்ள வாங்கிக்கிச்சி, வெளிய ஒண்ணும் தெரியல.”

செல்வி செயினை விரலில் உருட்டிப் பார்த்தாள். “அடப்பாவி, பல்லெல்லாம் மூளியா இருக்குதே! கை கால்ல ஒண்ணும் படலியே?”

“அதெல்லாம் இல்லக்கா. நீங்க தொட்டா பொழச்சிக்கும்.”

கை கால்ல படலியாமே! சார்லஸ் ஏணியிலிருந்து விழுந்த அன்று, மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டவள் இவள்.

செல்வி அந்தச் செயினோடு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. எந்தப் பல் அதிகம் உடைந்திருந்ததோ அதன் நீளத்துக்கு மற்ற எல்லாவற்றையும் உருண்டை அரத்தால் ராவிக் குறைத்தாள். சோறு ஆறிப்போனது. சார்லஸின் செயினை இவ்வளவு ஆசையாக என்றைக்காவது தொட்டிருப்பாளா? அவன் கண்ணாலேயே பல் பல்லாக எண்ணிக்கொண்டு கிடந்தான்.

சாயங்காலம் அவள் ஜெபமாலைக்குக் கோயிலுக்குப் போனாள். செயினும் சார்லசும் தனியாக இருந்தார்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் சின்னதாக ஒரு மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்று கட்டுப்படுத்துவது அந்த மேடுதான். அதை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் பல் அகப்பட்டதையெல்லாம் கவ்வும், மெஷின் கையை மீறித் துள்ளும். சார்லஸ் தட்டை அரத்தை எடுத்து மேடுகளை ராவினான். நாலு பேர் முன்னால் ஒரு தடவை துள்ளட்டும், செல்வியின் கைராசி சந்தி சிரிக்கட்டும், அவன் வேறு ஆளைத் தேடிக்கொண்டு ஒழியட்டும். மரத்தின் மேலே இருக்கும்போது துள்ளினால்? அந்த நினைப்பும் வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளிவிட்டு ராவினான். நாலு பல்லில் சலித்துப்போகிற மனுஷன், அன்றைக்கு ஒன்றைக்கூட விடவில்லை.

காலையில் பாக்யராஜ் வந்து நின்றான். “சீக்கிரம் குடுங்கக்கா. பனித்திட்டுல ஒரு தென்ன, வூட்டு மேல சாஞ்சிருக்குது. மேல ஏறி துண்டு துண்டாத்தான் எறக்கணும்.”

கொடுப்பதற்கு முன்னால் செல்வி வழக்கம்போல் கட்டைவிரலால் செயினைத் தடவினாள். விரல் நின்றது. தலையைத் தூக்கிச் சார்லசைப் பார்த்தாள். அவன் டீ கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இது வேணாம் தம்பி. என் கை தப்பிப் போச்சி. மேட்ட ரொம்ப எடுத்துட்டன்.”

சார்லஸ் ஆவலோடு நிமிர்ந்தான். இப்போது முகம் சுளிப்பான், பார்!

“மறைக்காம சொன்னீங்களே, அது போதும்க்கா. வேற எவன் சொல்லுவான்? என் செயினுக்கு இனிமே ஒங்க கைதான்.”

எண்ணெய் ஊற்றினதுபோல் சார்லசுக்குள் குபீரென்று எரிந்தது. செல்வி அதோடு விட்டாளா? ஆணியில் மாட்டியிருந்த சார்லஸின் செயினை எடுத்து நீட்டினாள். “மாமாவுது. முந்தாநேத்துதான் தீட்டுனது, அளவும் ஒண்ணுதான். மாட்டிக்கினு போ.”

பைக் போனதும் பழுதாகிக் கிடந்த செயினையும் உருண்டை அரத்தையும் கொண்டுவந்து புருஷன் மடியில் போட்டாள்.

“இன்னாடி இது?”

“மேடு எறங்கிப் போச்சி இல்ல, எல்லாப் பல்லையும் அதுக்குத் தக்கனமா கொறச்சிக் கொண்டா.”

“நீயே செய்யி. ஒனக்குத்தான் கைராசி ஆச்சே.”

“நான் தொடமாட்டன். நாளிக்கி கோயில் தோட்டத்து மாமரம் அறுக்கணும்னு பாதர் சொல்லிட்டாரு. ஏறப்போறது நீ. மாட்டிக்கினு ஏற இந்தச் செயின்தான் இருக்குது.”

சார்லசுக்கு முகம் வெளிறியது. “வெளையாடுறியா? மேல துள்ளி கழுத்துல பட்டா செத்துருவன்டி!”

“அப்போ தெரிஞ்சிதான் ராவுனியா?” என்று கேட்டாள் செல்வி.

சார்லஸ் குனிந்து உருண்டை அரத்தை எடுத்து முதல் பல்லில் வைத்தான். அவள் போகவில்லை, பதிலுக்காக எதிரிலேயே நின்றாள்.