எங்கே என்று கேட்கக் கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளை வாசலில் இறக்கியதும் பக்கத்து வீட்டு மதாம் கெர்வெல் ஜன்னலைத் திறப்பார். "பொன்ழூர் முசியே. ஊ அலே வூ?" எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். தங்கமான மனுஷி, ஒரு மரியாதைக்குத்தான் கேட்கிறார். அவர் கேட்ட மறுநிமிஷம் நான் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போவேன். நாற்காலியில் சற்று உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வெளியே வந்து ஏறுவேன். அவர் ஜன்னலை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். இரண்டாம் தடவையும் கேட்டுத் தொலைக்கப் போகிறாரே என்று தலையைக் குனிந்துகொண்டு மிதிப்பேன். நாலைந்து வாரம் இதைப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒரு சீட்டை என் கையில் திணித்தார். அதில் ஒரு டாக்டரின் பெயர் இருந்தது. மூத்திரக் கோளாறுக்குக் கைராசிக்காரராம்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளம்புகிறவனைப் பார்த்து எங்கே என்று கேட்டால் போன காரியம் விளங்காது. புதுச்சேரியில் எங்கள் பாகூரிலும் வில்லியனூரிலும் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். "தூரமா?" என்பார்கள். வேண்டுமானால் "தூரந்தான்" என்று சொல்லிவிட்டுப் போகலாம். வாய் தவறி எவனாவது எங்கே என்று கேட்டுவிட்டால் திரும்பி வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். எனக்குச் சாமி நம்பிக்கை பெரிதாகக் கிடையாது. ஆனாலும் இந்தப் பழக்கம் மட்டும் என்னோடு கப்பலேறி வந்துவிட்டது.

இது எழுபதுகளின் நடுப்பகுதி. பிரான்சின் மேற்குக் கோடியில், ப்ரெத்தாஞ் என்கிற கடலோர மாகாணத்தில், ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எனக்குச் சமையலறை வேலை. புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பாகூரில் எங்கள் தெருவில் எழுதிக் கொடுத்தவன் நான் ஒருத்தன்தான். அப்பா ஏரிப் பாசன வயலைக் காட்டி, "இதுல இன்னாடா கொற ஒனக்கு?" என்றார். குறை ஒன்றுமில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். காலில் சக்கரம் கட்டினவன் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். எழுந்து சைக்கிளை எடுத்தால்தான் அடங்கும்.

அறுபதுகளில் அந்தச் சைக்கிள் போகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். பாகூர் ஏரிக்கரை மேல் ஏறி, கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், மங்கலம் என்று கரும்பு வண்டிகளை ஒதுக்கிக்கொண்டே வில்லியனூர் போய்ச் சேருவேன். அங்கே அத்தை வீடு இருந்தது, அத்தை மகள் தனம் இருந்தாள். வழியில் நம் கொம்யூன், அதாவது புதுச்சேரி எல்லை, எங்கே முடிகிறது, மதுவிலக்கு இருந்த தென்னாற்காடு எங்கே ஆரம்பிக்கிறது என்பதைச் சாராயக்கடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கடை இருந்தால் புதுச்சேரி. நாக்கு வறண்டால் தமிழ்நாடு. அப்படி உள்ளே வெளியே என்று மிதித்துப் போவது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தனம் டீச்சர் வேலையில் சேர்ந்ததும் பள்ளிக்கூட மைதானத்திலேயே சைக்கிள் பழகிக்கொண்டாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோயில் தெருவில் ஓட்டிப் போவாள். பிரான்சிலிருந்து லீவில் வந்து அவளைக் கட்டிக்கொண்ட பிறகு எனக்கு இரண்டு மாதம் மிச்சமிருந்தது. அரியாங்குப்பம் வழியாக வீராம்பட்டினம் கடற்கரைக்கு ஆளுக்கொரு சைக்கிளில் போவோம். முன்னால் போகிறவள் அவள்தான்.

வில்லியனூர் ஸ்டேஷனில் என்னை வழியனுப்ப வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது. "தூரமா மாமா?" என்றாள். "தூரந்தான் தனம்" என்றேன். அவ்வளவுதான் பேசினோம். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன். எங்கே, எத்தனை நாள், என்னைக் கூப்பிடுவீர்களா, நீங்கள் வருவீர்களா என்று அவள் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். வழக்கம் அவள் வாயைக் கட்டிப்போட்டது, நான் தப்பித்தேன். அவளிடம் இரண்டு வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பிரான்சிலேயே இருந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். இரண்டுமே பொய் என்று சொல்ல முடியாது. சொல்லும்போது இரண்டையும் நம்பித்தான் சொன்னேன்.

இங்கே எங்கள் ஊர் சைக்கிள் சங்கத்தில் தபால்காரர் யான் என்பவர்தான் தலைவர். ஞாயிறு தோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கிளம்புவோம். துறைமுகத்திலிருந்து கடலோரமாகவே போகும் பாதை, பாறை முனை வரை. அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் ஏற்றம். பாகூர்க்காரனுக்கு மேடு என்றால் ஏரிக்கரைதான், இந்த ஏற்றத்தில் முதல் மாதம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. மேலே போனால் லாந்த் என்று அவர்கள் சொல்லும் பொட்டல். மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்கு முள்ளுச் செடி, வசந்தம் வந்தால் அது முழுக்க மஞ்சள் பூ, நம் வேலம்பூவின் நிறம். நடுவே ஒரு கார் போகிற அகலத்தில் ரோடு. சங்கத்துக்காரர்கள் அங்கே ஒரு கஃபேயில் அரைமணி நேரம் உட்காருவார்கள். நான் காப்பியை நின்றபடி வாயில் ஊற்றிக்கொண்டு, அவர்கள் எழுந்திருக்கிற வரை கஃபேயைச் சுற்றிச் சுற்றி வருவேன். "உன்னை யார் துரத்துகிறார்கள்?" என்று யான் கேட்பார். யாரும் துரத்தவில்லை என்பதுதான் சங்கடம்.

கல்யாணமான மூன்றாவது வருஷம், பங்குனி முடிகிற சமயம், பாகூரில் எங்கள் வீட்டில் இருந்த தனத்திடமிருந்து நீல நிற ஏரோகிராம் வந்தது. வழக்கமாக மடிப்பு வரை எழுதுகிறவள் இந்தத் தடவை அரைப் பக்கத்தில் நிறுத்தியிருந்தாள். "கேக்கக் கூடாதுதான். இருந்தாலும் கேக்கறேன். நீங்க எங்க போறீங்க மாமா? ஸ்கூல்ல என்ன நிரந்தரம் பண்றாங்க. ஜூன்ல ஸ்கூல் தொறக்கற அன்னிக்குக் கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அப்புறம் விட்டுட்டு வர மாட்டேன். அதுக்குள்ள சொல்லிடுங்க." அதைப் படித்துவிட்டு நான் செய்த முதல் காரியம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தது.

அந்த ஞாயிறு கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஓட்டினேன். கஃபேயில் யானிடம், என் மனைவி எங்கே போகிறாய் என்று கேட்டு எழுதியிருக்கிறாள் என்றேன். எனக்கு வேறு யாரும் இல்லை சொல்ல. அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு காகிதத்தை இழுத்து, துறைமுகம், பாறை முனை, லாந்த், திரும்பும் வழி என்று பென்சிலால் வட்டம் போட்டார். "நாற்பது கிலோமீட்டர், பன்னிரண்டு மணிக்கு வீட்டில் சூப். இதை அவளுக்கு அனுப்பு, கவலைப்படாமல் இருப்பாள்!" மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் நல்ல கணவன் என்று என் முதுகைத் தட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். வெளியே வந்து மிதிக்கும்போது எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது. கிளம்பின இடமும் சேருகிற இடமும் ஒன்றாக இருக்கிற மனுஷர்கள். அவர்களை யார் வேண்டுமானாலும் எங்கே என்று கேட்கலாம்.

தனத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கோடை லீவுக்கு வந்து பார், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று விமான டிக்கெட் அனுப்பினேன். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கேட்டவளையே வரவழைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவள் மே மாதம் வந்தாள். ஒரு பெட்டி, அதில் பாதி புளியும் மிளகாய்த்தூளும். மதாம் கெர்வெல் அவளுக்குத் தன் பழைய லேடீஸ் சைக்கிளைக் கொடுத்தார். புடவைக்கு மேல் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அவள் துறைமுகத்தில் ஓட்டிப் போனதைப் பார்க்க மீன் ஏலக்காரர்கள் கூவுவதை நிறுத்தினார்கள். நாங்கள் சிரித்தோம், சமைத்தோம், கடல் பார்த்தோம். ஜூனைப் பற்றி மட்டும் இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் திரும்ப நாலு நாள் இருக்கும்போது லாந்துக்குக் கூட்டிப் போனேன். ஏற்றத்தில் அவள் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள், நானும் இறங்கிக்கொண்டேன். மேலே மஞ்சள் பூ கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது.

"இன்னா மாமா, ஆளு இல்ல, ஆடு இல்ல. யாருக்கு இவ்ளோ ரோடு போட்டு வெச்சிருக்காங்க?" என்றாள்.

"எனக்குத்தான்" என்றேன் விளையாட்டாக.

அவள் சிரிக்கவில்லை. கடல் பக்கமிருந்து காற்று திரும்பி, தூறல் போட ஆரம்பித்தது. மூன்று ரோடு சேருகிற இடத்தில் வழிகாட்டிக் கம்பம் ஒன்று நிற்கும். அங்கே வந்ததும் அவள், "போதும் மாமா. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

"வா" என்று சொல்லி நான் இடது பக்கம் திருப்பினேன். ஊருக்கு இறங்குகிற ரோடு அது. நூறு கஜம் இறங்கியிருப்பேன், பின்னால் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் கம்பத்தடியில் ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். மேலே ஏறி வந்தேன்.

"இன்னா, செயின் கழண்டுச்சா?"

"இல்ல. நான் பாகூர் வூட்டச் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. வீடு என்ற சொல்லைக் கேட்டதும் யோசனை எதுவும் இல்லாமல் என் கை இந்தப் பக்கம் திருப்பியிருந்தது. மூன்று வருஷமாக நான் எழுதாமல் விட்ட பதிலை அவள் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், எனக்கு அது கை வந்த கலை. அவளை விட்டுவிட்டால் எனக்கு யாருமில்லை என்று தெரிந்தும், பாகூருக்கு வருகிறேன் என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

"நான் கையெழுத்தப் போட்டுடறேன் மாமா" என்றாள்.

மழை வலுத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சைக்கிளை நான் வந்த பக்கமே திருப்பினாள்.

"சரி வாங்க. எம் பொட்டி அங்கதான இருக்குது."

எப்போதும் போல அவள்தான் முன்னால் போனாள். அவளுக்கு வழி தெரியாது. ஒவ்வொரு திருப்பத்திலும் இடது, வலது என்று பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தேன்.