எட்மண்டின் கிட்டாருக்குப் புது பிரிட்ஜ்

எட்மண்ட் என் எதிர்வீட்டுக்காரர். சேலையூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் முதலில் போய் நிற்கிறவர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் டிராயிங் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை அவரைச் சக்கையாகப் பிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற நேரத்துக்காகத்தான் வாரம் முழுவதையும் பொறுத்துக்கொண்டேன் என்று அவரே சொல்வார். எனக்குப் பாட்டு ஞானம் கிடையாது. கணக்கு வாத்தியாராக இருந்தவன். சங்கீதம் என்று யாராவது ஆரம்பித்தால் மெல்ல நழுவிவிடுவேன். ஆனால் இவர் வீட்டில் வாசிக்கும்போது மட்டும் போய் உட்கார்ந்திருப்பேன். வாசிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க நன்றாக இருக்கும்.

இந்த வருஷ ஆரம்பத்தில் வந்த ஒரு காய்ச்சலில் அவருடைய இடது காது மந்தமாகிவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரே சத்தம் இரண்டு காதிலும் வேறு வேறு ஸ்ருதியில் கேட்கும், இனி இது சரியாவது கஷ்டம் என்று குரோம்பேட்டை டாக்டர் சொல்லிவிட்டார். இதை எனக்குச் சொன்னது அவர் மனைவி ஞானஜோதி. எட்மண்டிடம் கேட்டால் கதையே வேறு.

"காதுக்கு ஒண்ணும் இல்ல சார். கிட்டார்ல பிரிட்ஜ் போயிடுச்சு. அதான் ஸ்ருதி நிக்க மாட்டேங்குது."

பிரிட்ஜ் என்பது கிட்டாரின் அடிப்பக்கம் கம்பிகள் வந்து உட்காருகிற இரும்புத் தகடு. அதில் கம்பிக்கு ஒன்றாகச் சின்னச் சின்னக் கட்டைகள். பின்னாலிருக்கிற திருகாணியைத் திருகினால் கட்டை முன்னும் பின்னும் நகர்ந்து கம்பியின் நீளம் மாறும். நீளம் சரியாக இருந்தால்தான் கம்பியில் விரலை எங்கே அழுத்தினாலும் ஸ்ருதி சேரும். நியாயமாகச் சொன்னால் பழைய தகடு துருப்பிடித்துத்தான் கிடந்தது. கை வியர்வையும் தாம்பரத்து ஈரமும் அதைத் தின்றிருந்தன. மனுஷன் பிடித்துக்கொள்ள அந்தத் துரு போதுமானதாக இருந்தது.

ஆன்லைனில் புதுசு வந்தது. சனிக்கிழமை டார்ச் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். வெளியே கார்த்திகை மழை. கம்பிகளைக் கழற்றி, துருவேறிய திருகாணிகளுக்கு எண்ணெய் விட்டு, பழைய தகட்டைப் பெயர்த்தார். அடியில் மெல்லிய எர்த் ஒயர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இது தகட்டைத் தொடாவிட்டால் ஸ்பீக்கர் உறுமும் என்று சொல்லி, அதன் மேலேயே புதுத் தகட்டை அழுத்தி முடுக்கினார். கை கொஞ்சமும் நடுங்கவில்லை. டிராயிங் போட்ட கை அல்லவா. பிறகு கம்பிகளைப் பூட்டி, ஸ்ருதி காட்டும் சின்ன மெஷினைக் கிட்டாரின் தலைப்பக்கம் மாட்டி, ஒவ்வொரு கட்டையாக நகர்த்தினார். ஸ்ருதி சேர்ந்தால் அதில் பச்சை விளக்கு எரியும். எல்லாக் கம்பிக்கும் பச்சை எரிந்தது. எனக்கே சந்தோஷமாகிவிட்டது.

அவர் ஒருமுறை மீட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கட்டைகளைத் திரும்ப நகர்த்த ஆரம்பித்தார்.

"பச்சை எரிஞ்சுதே எட்மண்ட், அத ஏன் கலைக்கறீங்க?"

"மெஷின் பேச்சக் கேட்டு ஸ்ருதி வைக்கிற ஆள் நான் இல்ல சார். ஆண்டவர் எனக்குக் காது குடுத்திருக்காரு."

இப்போது விளக்கு சிவப்பாக எரிந்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற ஞானஜோதி அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் நானும் சர்ச்சுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அடம் பிடித்தார். போனேன். கடைசி வரிசையில், மிக்ஸர் வைத்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஷெர்வினுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கீபோர்டு கேட்டது, டிரம்ஸ் கேட்டது, பாடுகிறவர்கள் குரல் கேட்டது. எட்மண்ட் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகி வாசித்தார். கிட்டார் மட்டும் கேட்கவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் ஷெர்வினைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்ப்பா, கிட்டார் சத்தமே வரலயே?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "அது அவர் காலடி ஸ்பீக்கருக்கு மட்டும்தான் போகுது அங்கிள். ஈஸ்டர்லேர்ந்தே அப்படித்தான். ஸ்ருதி சேரலன்னு கொயர்ல கம்ப்ளெயின்ட். அவர எடுத்துடலாம்னு கமிட்டில முடிவு பண்ற நேரத்துல ஞானஜோதி ஆன்ட்டி வந்து அழுதாங்க. அவர எடுத்துடாதீங்க, சத்தத்த மட்டும் நிறுத்திடுங்கன்னாங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு ஊரே சேர்ந்து ஒரு மனுஷனை இப்படியா முட்டாளாக்குவது? நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். அங்கே காபி டம்ளரோடு ஆட்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். "ஸ்தோத்திரம் பிரதர், இன்னிக்கு கிட்டார் சூப்பர்" என்று ஒவ்வொருவரும் கை குலுக்கினார்கள். அங்கே அது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்கிற மாதிரி வாயில் வந்துவிடுகிற வார்த்தை. வாசித்தது காதில் விழுந்தாலும் சொல்வார்கள், விழாவிட்டாலும் சொல்வார்கள்.

அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா சார், பிரிட்ஜ்தான்! எல்லாரும் சொல்றாங்க. கிறிஸ்மஸ் ஆராதனைல ஒரு பாட்டு கிட்டார்ல மட்டும் வாசிக்கறேன்னு பாஸ்டர்கிட்ட கேட்டேன். கொஞ்சம் தயங்கினாரு, நான் விடல. சரின்னுட்டாரு. கீபோர்டு கிடையாது, டிரம்ஸ் கிடையாது. நான் மட்டும்."

அவருடைய இடது பக்கம் நின்றிருந்த ஞானஜோதியின் முகம் வெளுத்துவிட்டது. "வேணாங்க" என்றார்.

"ஏன் ஜோதி?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். யாரையும் நேருக்கு நேர் கேட்டுவிடுகிற நான் தரையைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. கேட் பக்கம் வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. ஞானஜோதி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஈஸ்டர்லேர்ந்து உங்க கிட்டார் வெளிய யாருக்குமே கேக்கலங்க. நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

எட்மண்ட் சிரிப்பு மாறாமல் திரும்பி, வலது காதை அவர் பக்கம் கொண்டுபோனார்.

"என்ன சொன்ன? இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லு."

ஞானஜோதி மறுபடியும் சொன்னார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக.